உத்திரமேரூர்: ஒரு மணி நேரத்தில் முடியாத ஊர்

2020 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உத்திரமேரூரின் பெயர் இரண்டு முறை செய்தியில் அடிபட்டது. டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோடி, சோழர் காலத்துத் தேர்தல் விதிகளைச் சுவரில் தாங்கி நிற்கும் ஊர் என்று இதைக் குறிப்பிட்டுப் பேசினார். இரண்டே நாள் கழித்து அதே ஊரின் குழம்பேஸ்வரர் கோயிலில் திருப்பணிக்காகக் கருவறைப் படிக்கல்லைப் பெயர்த்தபோது, அடியில் தங்க ஆபரணத் துண்டுகள் கிடைத்தன. எடை அரை கிலோவுக்கும் மேல்.

அதிகாரிகள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். முன்னோர் வைத்ததை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் முறை என்பது அவர்கள் வாதம். புதையல் அரசுக்குச் சேர வேண்டும் என்பது அதிகாரிகள் வாதம். போலீஸ் காவல், நீண்ட பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து தங்கம் கருவூலத்துக்குப் போனது. ஊர்ப் பொதுச் சொத்து யார் கையில் இருக்க வேண்டும், வைத்திருப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற வழக்கு அது. அதே கேள்விக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பதில் வெட்டி வைத்த ஊரில் அந்த வழக்கு நடந்ததுதான் வேடிக்கை.

சென்னையில் இருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகரம், பேரூராட்சி. ரயில் கிடையாது. காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போகிறவர்களும், மாமல்லபுரத்துக்கு வார விடுமுறையைக் கழிக்கப் போகிறவர்களும் எட்டிப் பார்க்காத ஊர் இது. வருகிறவர்கள் காரை நிறுத்தி, கல்வெட்டுச் சுவர் முன் நின்று படம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் பார்ப்பது பாதி ஊரைக்கூட அல்ல. கல்வெட்டில் உள்ள விதிகள் எதற்காக எழுதப்பட்டன என்பதற்கான விடை சுவரில் இல்லை. அது ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளில் இருக்கிறது.

தென்சென்னையின் பங்கு

உத்திரமேரூர் கல்வெட்டைக் கல்வியுலகத்தின் பேச்சாக ஆக்கியதில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. மயிலாப்பூரில் வாழ்ந்த வரலாற்றுப் பேராசிரியர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றி 1932இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தக் கல்வெட்டுகளை வரி வரியாக ஆராய்ந்தார். தமிழகத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநரும் பெசன்ட் நகர்வாசியுமான இரா.நாகசாமி, பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவுடன் சேர்ந்து இந்த ஊரைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். அது 1970இல் புதுச்சேரியில் இருந்து பிரெஞ்சு மொழியில் வந்தது. இவ்வளவு சிறிய தமிழ்நாட்டு ஊருக்குப் பிரெஞ்சில் தனி நூல் வாய்ப்பது அபூர்வம்.

தி.நகர் வெங்கட்நாராயணா சாலையில் உள்ள தக்கர் பாபா வித்யாலயத்தின் வினோபா அரங்கில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை நடத்திய மாதாந்திரச் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு கூட்டம் நகரில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் வேன் பிடித்துப் பழைய கோயில்களைத் தேடிப் போகிறவர்களில் இவர்கள் கணிசம். கையில் நோட்டுப் புத்தகமும் டார்ச் லைட்டுமாக வரும் இந்த மாமா, மாமிகளையும் கல்லூரிப் பிள்ளைகளையும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பார்க்கலாம்.

சுவரில் ஒரு தேர்தல் கமிஷன்

ஊரின் நடுவில், பஸ்கள் திரும்பும் சாலையை ஒட்டியே நிற்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். பெரிய கோபுரம் ஏதும் இல்லை. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சிறிய கோயில். இதன் மண்டபத்தில்தான் ஊர்ச்சபை கூடியது. சுற்றுச்சுவர் முழுக்க எழுத்து.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. அதாவது கி.பி. 919, 921. முதல் விதிகளை நடைமுறைப்படுத்திப் பார்த்து, ஓட்டைகளை அடைத்து, இரண்டே ஆண்டில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் போட்டியிடுவோரின் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் அது 35 முதல் 70 ஆகிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு போல. ஒரு குடும்பில் ஒருவர் பெயரை ஓலையில் எழுத வேண்டுமானால் அவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு நிலத்தில் சலுகை உண்டு. அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை.

தகுதியிழப்புப் பட்டியல்தான் படிக்கப் படிக்கச் சுவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மாமா, அத்தை பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பிள்ளை என்று உறவுமுறை ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டு, அத்தனை பேரும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். பிறர் பொருளைத் திருடியவர், பொய் ஆவணம் செய்தவர், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர் ஆகியோருக்கும் கதவு அடைப்பு. பினாமியைப் பற்றி அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

பிறகு குலுக்கல். குடவோலை முறை என்பது இதுதான். தகுதியுள்ளோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். சிறுவரும் முதியவருமாகச் சபை முழுவதும் கூடியிருக்கும். ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் மண்டபத்தில் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கவில்லை என்பதற்கான ஏற்பாடு. அவர் உரக்க வாசிப்பார். நம்பிமாரும் அதே ஓலையை வாசிப்பார்கள். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

குடும்புக்கு ஒருவராக 30 பேர். பதவிக்காலம் 360 நாள். நடுவில் தவறு செய்தால் உடனே நீக்கம். அந்த 30 பேரில், ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகிய, வயதிலும் கல்வியிலும் மூத்த 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு. அடுத்த 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மிச்சம் 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பொன்னின் மாற்றுப் பார்க்கும் வாரியமும், பஞ்சவார வாரியமும் தனி.

மக்களாட்சியா இது?

மேடையில் சொல்லப்படும் அளவுக்கு நேரான கதை அல்ல இது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாக உருவாக்கப்பட்ட பிரமதேய ஊர் உத்திரமேரூர். அந்தச் சபையில் நிலமில்லாதவர் இல்லை, உழுதவர் இல்லை, வேதம் படிக்காதவர் இல்லை, பெண்கள் இல்லவே இல்லை. நடந்ததும் வாக்குப்பதிவு அல்ல, குலுக்கல். அரசனின் அதிகாரி நேரில் அமர்ந்திருக்க இந்த விதிகள் செய்யப்பட்டன என்பதையும் கல்வெட்டே சொல்கிறது. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் செய்த இன்றைய தமிழ்நாட்டின் பேரூராட்சித் தேர்தலை, குடவோலையின் நேர்வாரிசு என்று சொன்னால் அது இரண்டுக்குமே நியாயமாகாது.

ஆனால் அதிகாரத்தில் இருப்பவரை நம்பாமல் விதி எழுதிய நுட்பம் அசலானது. அதுவும் இந்த ஊருக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. ரஷ்யாவின் வடமேற்கில் உள்ள நோவ்கரத், நடுக்காலத்தில் ஊர்க்கூட்டம் வைத்து ஆட்சி நடத்திய நகரம். அங்கே 1193இல் பேராயர் பதவிக்கு மூன்று பேர் பெயர் அடிபட்டது. சண்டை தீரவில்லை. சோபியா தேவாலயப் பலிபீடத்தின் மேல் சீட்டுகளை வைத்து, கண் தெரியாத ஒருவரை அனுப்பி எடுக்கச் சொன்னார்கள் என்று அந்த ஊரின் நாட்குறிப்பு சொல்கிறது. வெனிஸ் நகரில் 1268 முதல் தலைவர் தேர்தலின் குலுக்கல்களுக்கு ஒரு சிறுவனைப் பிடித்து வந்தார்கள். உத்திரமேரூரில் ஒன்றும் அறியாத பையன், வெனிஸிலும் பையன், நோவ்கரத்தில் கண் தெரியாதவர். பெரிய மனிதர்களின் கை மேல் மூன்று ஊர்களுக்கும் ஒரே சந்தேகம்.

மூன்று அடுக்கில் ஒன்பது மூர்த்திகள்

வைகுண்டப் பெருமாளிடம் இருந்து நடந்தே போகும் தூரத்தில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். நின்றான், இருந்தான், கிடந்தான் என்று பெருமாளின் மூன்று கோலமும் மூன்று தளத்தில். கீழ்த்தளத்தில் சுந்தர வரதர் நிற்கிறார். அதே தளத்தின் மற்றப் பக்கங்களில் அச்சுத வரதர், அநிருத்த வரதர், கல்யாண வரதர். நடுத்தளத்தில் வைகுண்ட வரதர் அமர்ந்திருக்க, சுற்றிலும் கிருஷ்ணார்ஜுனர், யோக நரசிம்மர், லட்சுமி வராகர். மேல்தளத்தில் அனந்தபத்மநாபன் சயனத்தில். ஒரே விமானத்தில் ஒன்பது மூர்த்திகள். குறுகலான படிகளில் ஏறிப்போய்ச் சேவிக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் கீழே நிற்கும் வரதரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டடக்கலை பார்க்கிறவர்கள் இந்தத் திட்டத்தைக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலோடும், மதுரை கூடலழகர் கோயிலோடும் ஒப்பிடுவார்கள். ஊரின் இன்னொரு கோடியில் கைலாசநாதர் கோயில். கீழே கருங்கல், மேலே செங்கல் விமானம். செடி முளைத்துப் பிளந்து கிடந்த இந்தக் கோயிலைச் சீராக்கும் வேலையில் சென்னையின் ரீச் அறக்கட்டளை இறங்கியது. தொல்லியல் துறையின் முன்னாள் கண்காணிப்பாளர் தி.சத்தியமூர்த்தி அதற்கு வழிகாட்டியாக இருந்தவர்.

காஞ்சிபுரம் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளித் திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் பூசித்ததாகச் சொல்லப்படும் வியாக்ரபுரீசுவரர் கோயிலில், சிங்கத்தின் மேல் கால் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்திக்குத்தான் கூட்டம். குருப்பெயர்ச்சி அன்று போனால் நெரிசலில் சிற்பத்தைப் பார்க்க முடியாது.

ஏரியில்தான் இருக்கிறது சூட்சுமம்

கோயில்கள் முடிந்ததும் பெரும்பாலோர் வண்டியைத் திருப்புகிறார்கள். திருப்பாமல் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். உத்திரமேரூர் ஏரி, கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர் வயிரமேகன். இந்த ஊரின் கோயில் சுவர்களில் தெய்வங்களுக்கு அடுத்தபடியாகக் கவலை காட்டப்படுவது இந்த ஏரி மீதுதான். பக்தர்கள் பொன்னை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்கிறார்கள். அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோயிலில் விளக்கெரிக்கக் கொடுப்பது எப்படிப் புண்ணியமோ, ஏரியின் வண்டலை அள்ளக் கொடுப்பதும் அப்படியே.

இந்தப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் மணலாய்க் கிடக்கும் மாதங்களே அதிகம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களில் பிடித்து வைத்த நீர்தான் ஆண்டு முழுமைக்கும் சோறு. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. மதகை யார் திறப்பது, மீன் குத்தகைக் காசு எங்கே போகிறது, கரை உடைந்தால் யார் பொறுப்பு என்பவை உயிர்ப் பிரச்சினைகள். கணக்குக் காட்டாதவரின் சின்னம்மா பிள்ளையைக்கூட வாரியத்தில் சேர்க்காத கண்டிப்பு இதிலிருந்து வந்தது. அந்தக் கல்வெட்டு ஒரு தத்துவ நூல் அல்ல. தண்ணீரையும் தோட்டத்தையும் பொன்னையும் ஆளும் கமிட்டிகளுக்கான விதிமுறைப் புத்தகம்.

இதைப் பார்க்க வருகிற தி.நகர்க்காரர்களுக்கு ஒரு சேதி உண்டு. அவர்கள் வீட்டுக்கு அடியிலும் ஓர் ஏரி இருந்தது. மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்ற பெயர்களில் நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டிகூட நடந்தது. நகரம் பெருகவே, 1920களில் மாம்பலம் குடியிருப்புத் திட்டத்துக்காக ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் படுகைதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும், டேங்க் பண்ட் ரோடும் இன்னும் இருக்கின்றன. ஏரி மட்டும் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்து நின்றபோது, நீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்ததாகப் பலர் பேசிக்கொண்டார்கள்.

துப்பாக்கிக்குத் தடை போட்ட கிராமம்

உத்திரமேரூரில் இருந்து கிழக்கே அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் வேடந்தாங்கல். இதுவும் ஏரிதான், சுமார் 30 ஹெக்டேர். பாசனத்துக்காக வெட்டியது, பறவைகள் தாமாக வந்தன. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடப்பை மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா என்று கிளை தெரியாமல் கூடுகள். பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்குப் பாயும்போது உரம் தனியாகத் தேவைப்படாது என்பது ஊராரின் தலைமுறை அனுபவம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வேட்டைக்கு வந்தார்கள். ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைச் சுடக் கூடாது என்ற உரிமையை எழுத்தில் தந்தார். 1858இல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936இல் முறையான சரணாலயம் ஆனது. வன உயிர்ச் சட்டங்கள் எதுவும் வராத காலத்தில், விவசாயிகள் மனு கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு இது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களின் பட்டியலில் ஆண்டுதோறும் வேடந்தாங்கல் பெயர் வருவதற்கும் இதே காரணம்தான்.

இங்கேயும் ஒரு மயிலாப்பூர்க்காரர் வருகிறார். இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். மரங்களும் பறவைகளும் நிறைந்திருந்த தம் மயிலாப்பூர் வீட்டில் இருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைப் பத்தி எழுதியவர். வேடந்தாங்கலின் நீர்ப்பறவைகளைப் பற்றிய கையேட்டை வனத்துறைக்காக எழுதியவரும் அவர்தான்.

பாதுகாப்பு இன்றும் சும்மா கிடைப்பதில்லை. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க முன்மொழிவு வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, சென்னையின் பறவை ஆர்வலர்களையும் மீனவர் குடியிருப்புகளையும் கல்லூரி மாணவர்களையும் ஒரே பக்கம் நிறுத்தியது. எல்லை சுருங்கவில்லை. 2022இல் வேடந்தாங்கலும், பக்கத்தில் உள்ள கரிக்கிலி ஏரிகளும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வேடந்தாங்கலில் கூட்டம் தாங்காவிட்டால் கரிக்கிலிக்குப் போகலாம். அங்கே மரம் குறைவு, திறந்த நீர் அதிகம். ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகளைத் தேடுகிறவர்களுக்கு அதுவே தோது.

கலெக்டர் கண்ட ராமன்

அதே லயனல் பிளேஸ் மதுராந்தகத்தில் ஒரு தலபுராணத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். மதுராந்தகம் ஏரி செங்கல்பட்டு மாவட்டத்தின் பேரேரி. அடைமழையில் கரை உடைவது வழக்கமாக இருந்தது. ஏரியைப் பார்வையிட வந்த கலெக்டரிடம், தாயாருக்குச் சன்னதி கட்ட உதவுங்கள் என்று அர்ச்சகர்கள் கேட்க, இந்த ஆண்டு உங்கள் ராமன் கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன் என்றாராம். அன்றிரவு கொட்டும் மழையில் கரைக்குப் போனவர், வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரை மேல் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை. கரை உடையவில்லை. கோதண்டராமர், ஏரி காத்த ராமர் ஆனார்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தாயார் சன்னதியில் பிளேஸ் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1799இல் அவர் கம்பெனிக்கு எழுதிய ஜாகீர் அறிக்கையும் இருக்கிறது. இந்தப் பகுதியின் நில உரிமை, கிராம வழக்கம், ஏரிப் பராமரிப்பு பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் புரட்டும் ஆவணம் அது. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் பார்த்த வேலை கலெக்டரின் மேசைக்கு வந்து சேர்ந்த காலத்தை அதில் காணலாம். மதுராந்தகம் வைணவர்களுக்கு இன்னொரு வகையிலும் முக்கியம்: ராமானுஜருக்குப் பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவத் தீட்சை செய்வித்தது இந்தக் கோயிலின் மகிழ மரத்தடியில்.

பதினைந்து படுக்கை ஆஸ்பத்திரி

திரும்பும் வழியை மாற்றிக்கொண்டால் திருமுக்கூடல் கிடைக்கும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். ஆற்றங்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். இங்கே உள்ள வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு பதினோராம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு தேர்தல் விதி என்றால், இது பட்ஜெட். கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், இன்னாருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு. இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தசமூல அரிதகியும் வில்வாதி நெய்யும் வருகின்றன. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால் பல பெயர்கள் அவருக்குப் புதிதாக இராது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதியும் சாப்பாடும் இதே கல்வெட்டில்.

ஆற்றின் எதிர்க்கரையில் பழைய சீவரம், குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர். மேலிருந்து பார்த்தால் கூடுதுறை முழுவதும் தெரியும். மழை நல்லபடி பெய்த ஆண்டில் நீர். மற்ற ஆண்டுகளில் மணல், அதுவும் அள்ளியது போக மிச்சம்.

ஒரு வளையம் போடலாமே

1967இல் யூரி பிச்கோவ் என்ற சோவியத் பத்திரிகையாளர், மாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள பழைய சிற்றூர்களைக் காரில் சுற்றிவந்து தொடர் எழுதினார். தங்க வளையம் என்று அவர் வைத்த பெயர் அப்படியே நிலைத்து, இன்று ரஷ்யாவின் மிகப் பிரபலமான சுற்றுலாத் தடம் ஆகிவிட்டது. அதில் உள்ள சுஸ்தால், சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை பக்கத்து விளாதிமிர் வழியாகப் போய்விட, ஊர் வளராமல் நின்றது. வளராததாலேயே பழைய தேவாலயங்களும் மடங்களும் பிழைத்தன. 1992இல் விளாதிமிரோடும் சுஸ்தாலோடும், நெர்ல் ஆற்றங்கரையில் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்னஞ்சிறு வெள்ளைத் தேவாலயத்தையும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். அங்கே போகிறவர்கள் ஒரே ஊரைப் பார்ப்பதில்லை. ஊர்களின் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். இரவு தங்குகிறார்கள். உள்ளூர்ச் சமையலைச் சாப்பிடுகிறார்கள்.

உத்திரமேரூர், வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம், திருமுக்கூடல், பழைய சீவரம். இந்த ஆறையும் இணைத்தால் அப்படியொரு வளையம் இங்கேயும் தயார். ஆனால் இவை இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கோயில்களில் ஒன்று மத்திய தொல்லியல் துறையிடம், இன்னொன்று அறநிலையத் துறையிடம், பறவை வனத்துறையிடம், தண்ணீர் நீர்வளத் துறையிடம். ஒரு துறையின் பலகை அடுத்த துறையின் இடத்துக்கு வழி சொல்வதில்லை. சென்னையில் இருந்து வருகிறவர் வேடந்தாங்கலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்; காஞ்சிக்குப் போகிறவர் உத்திரமேரூரைத் தவறவிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஊர்களில் டீக்கடைக்காரருக்கோ ஆட்டோக்காரருக்கோ இந்தப் பயணிகளால் பெரிய லாபம் இல்லை.

எப்படிப் போகலாம்?

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏரிகளில் நீர் இருக்கும், பறவைகள் இருக்கும், வெயில் கொல்லாது.

கார் வைத்திருப்பவர்கள் அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் எங்கிருந்தும் ஆறு மணிக்குள் கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிப்பது நல்லது. தாம்பரம் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் வேடந்தாங்கல் திருப்பம். பறவைகளைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, உத்திரமேரூர்க் கோயில்களை உச்சிக்கால நடை சாத்தும் முன் பார்த்துவிடலாம். பன்னிரண்டில் இருந்து நான்கு மணி வரை பெரும்பாலான கோயில்கள் மூடியிருக்கும். வைகுண்டப் பெருமாள் கோயிலின் வெளிச்சுவர்க் கல்வெட்டைப் படிக்க அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். எழுத்து தெளிவாகத் தெரியச் சாய்வான வெளிச்சம் வேண்டும் என்பவர்கள் மாலை வரை காத்திருக்க வேண்டும்.

கார் இல்லாதவர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினால், ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய் ஏரி வரவேற்கும். அங்கிருந்தும் காஞ்சிபுரத்தில் இருந்தும் உத்திரமேரூருக்குப் பஸ் உண்டு. வேடந்தாங்கல், கரிக்கிலி, திருமுக்கூடலுக்கு மட்டும் ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். சாப்பாட்டுக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்தைச் சுற்றி எளிய மெஸ்கள் உண்டு. இரவு தங்க வேண்டுமானால் காஞ்சிபுரம்தான் வசதி. மிளகும் சுக்கும் சீரகமும் மணக்கும் கோயில் இட்லி மறுநாள் காலைக்கு.

பொங்கலை ஒட்டிப் போக முடிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஊர்ப் பெருமாள்களும் அங்கே வந்து சேருவார்கள். வழியெல்லாம் கரும்பும் பொரியும் விற்கும் கடைகள் முளைத்திருக்கும். அன்றைக்கு வாலாஜாபாத் சாலையில் நெரிசல் உண்டு என்பதால், வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி.